முதலில் மேடையின் உயரம், பிறகு கதவின் நிறம்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 24 ஆண்டுகள் ஆகின்றன. சமையலறை 10 அடிக்கு 8 அடி. கடப்பா கல் மேடை, திறந்த அலமாரிகள், பரண். இதை மாற்றி மாடுலர் கிச்சன் போடலாம் என்று கடைக்குப் போனோம். பளபளக்கும் வெள்ளைக் கதவுகள், வெள்ளை குவார்ட்ஸ் மேடை, சிலிண்டரை உள்ளே வைத்து மூடும் அலமாரி என்று கணினியில் படம் போட்டுக் காட்டினார்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாம் என்கிறாள் மகள். மூட்டு வலியோடு இருக்கும் என் மாமியார்தான் தினமும் காய் நறுக்கித் தருகிறார். வசதியும் வேண்டும், அழகும் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடையில் காட்டிய படத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் கிரைண்டர் இருக்காது. அரிசி மூட்டை, எண்ணெய்த் தூக்கு, நேற்று ஊறவைத்த உளுந்து எதுவும் இருக்காது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நான்கு ஆப்பிள் மட்டும் இருக்கும். அந்த மேடையில் யாரும் சமைக்கப் போவதில்லை என்பதால் அது அழகாக இருக்கிறது. உங்களுடையதில் மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே, கதவின் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மேடையின் உயரத்திலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறக்குறைய 32 முதல் 34 அங்குலம் வரும். மேடைமேல் வைக்கும் சாதாரண கேஸ் அடுப்பானால் அதன் உயரமும் சேர்ந்துகொள்ளும். குழம்பு கிளறத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். அதனால் அடுப்பு வரும் பகுதியை மட்டும் சில அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நல்லது. சிங்க்கில் கணக்கு தலைகீழ்: அங்கே கை வேலை செய்வது தொட்டியின் அடியில். தொட்டி 8 அங்குல ஆழத்துக்கு மேல் போகப் போக முதுகு வளையும். ஆழமான சிங்க்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து மேடையைச் சற்று உயர்த்துங்கள்.

மாமியாருக்கு ஜன்னலோரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள். 28 அல்லது 29 அங்குல உயரத்தில் இரண்டரை அடி நீளப் பலகை போதும். அதன் கீழே அலமாரி வேண்டாம். நாற்காலியில் அமர்ந்தால் முழங்கால் உள்ளே போக வேண்டும். அவர் கைக்கு எட்டுகிற மாதிரி குப்பைக்கூடை ஒன்றும் இருந்தால், அந்த அறையில் மிகவும் பயன்படும் மூலை அதுவாகத்தான் இருக்கும். கடைக்காரர் அங்கே ஆளுயர அலமாரி விற்கப் பார்ப்பார். மசியாதீர்கள்.

சுவர் விஷயத்தில் மகளோடு எனக்கு வழக்கு உண்டு. அந்தக் காலத்து வீட்டில் 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால், பெரும்பாலும் அதுதான் மேல் தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அவர் சரி என்றாலும் நான் தயங்குவேன். காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி நேராக ஹால் சோபாவில் போய் உட்காரும். சுவரில் ஒரு திறப்பு விட்டு, மேலே பாரம் தாங்க லிண்டல் எனும் குறுக்கு உத்திரம் போட்டு, இழுத்து மூடும் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கும் வெளிச்சம் கிடைக்கும். சிம்னி வாங்கினால் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் வகையை வாங்குங்கள். காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை நம் தாளிப்புக்கு ஈடுகொடுக்காது.

சிலிண்டரை அலமாரிக்குள் மூடி வைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். கதவும் அடிப்பலகையும் உள்ள பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் பயனில்லை. வெளியே நிழலும் பூட்டும் உள்ள கம்பிக் கூண்டு கட்ட இடமிருந்தால், ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துச் செப்புக் குழாய் இழுத்துவிடலாம். இடமில்லையென்றால் மேடைக்கடியில் கதவில்லாமல், அடிப்பலகையும் இல்லாமல், இப்போது போலவே நிற்கட்டும். பக்கத்தில் பிளக் பாயிண்ட் கூடாது. அழகு குறையும்தான்; குறையட்டும்.

அடுத்தது மரம். சிங்க்குக்கடியில், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வைத்தால் ஒரு சிறு கசிவிலேயே அப்பளம்போல் ஊதிவிடும். பிளைவுட்தான் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, கொதிநீரைத் தாங்கும் ரகத்தைக் கேளுங்கள். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது, படுக்கையறைக்குப் போதும். என்னைக் கேட்டால், கொத்தனாரை வைத்துக் கல் பலகைகளால் தடுப்பு எழுப்பி, முகப்புக்கு மட்டும் ஆசாரியிடம் கதவு செய்து வாங்குவேன். கல்லைக் கரையான் தின்னாது. உங்கள் பழைய கடப்பாவை உடையாமல் எடுக்க முடிந்தால் அதையே இதற்குப் பயன்படுத்தலாம். மேடைக்கு மட்டும் அது வேண்டாம். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு மங்கிப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குவார்ட்ஸ் மேடை கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்தது. காய்ந்த வாணலியை இறக்கி வைத்தால் தழும்பு விழும். வெள்ளையில் மஞ்சள் கறையும் தெரியும். நம் சமையலுக்குக் கிரானைட்தான்.

டைல்ஸ் ஒட்டும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, எந்தச் சாமான் எங்கே நிற்கும் என்று சுவரில் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். கிரைண்டருக்கு நிரந்தர இடம் வேண்டும். தூக்கி வைக்கிற பொருளல்ல அது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள். மேடைக்குக் கீழே கதவு வைத்த ஆழ அலமாரியைவிட இழுப்பறைகள் நல்லவை. பின்னால் இருக்கும் டப்பாவுக்காக யாரும் குனிந்து தேட வேண்டாம்.

அழகுக்கு வருவோம். பளபளப்பான கதவில் எண்ணெய்க் கை பட்டால் ஒவ்வொரு விரலும் தெரியும். மங்கிய பூச்சுள்ள லேமினேட்டில், மேலே வெளிர் நிறமும் கீழே சற்று அடர்ந்த நிறமும் போடுங்கள். ஜன்னலை எந்த அலமாரியும் மறைக்கக் கூடாது. மேல் அலமாரியின் அடியில் ஒரு விளக்குப் பட்டை வைத்தால் உங்கள் நிழல் நறுக்கும் இடத்தில் விழாது, கிரானைட்டும் மின்னும். டைல்ஸ் இடுக்குகளுக்கு எபாக்சி எனும் பிசின் கலவை பூசச் சொல்லுங்கள். சிமெண்டைவிடச் செலவு கூடும், ஆனால் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஊறாது.

வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். பொங்கலுக்குள் முடித்துவிடுவோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தை பிறந்த பிறகு இடியுங்கள். அதற்குள் பின்கட்டில் ஒரு மேசை, இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர்க் குழாய் மூன்றையும் தயார் செய்துகொள்ளுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசித் தவணையை, எல்லா இழுப்பறைகளிலும் பாத்திரங்களை நிரப்பி இழுத்துப் பார்த்து, சிங்க்கை நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்து, அடியில் சொட்டவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.