சலுகைக் கணக்கில் ஆள் கணக்கு எங்கே?

தொழிற்சாலைகளுக்குத் தரப்படும் வரிச்சலுகை பற்றியும், சென்னையைச் சுற்றி ஆலைகள் மூடப்பட்டு வேலை போவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: 2019-ல் கம்பெனி வரியை அவ்வளவு குறைத்தார்களே, அடுத்த இரண்டு வருஷத்தில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை ஏன் மூடினார்கள்?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: வருமான வரி லாபத்தின் மீது விழுவது. லாபமே பார்க்காத கம்பெனிக்கு வரியைக் குறைத்தால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக இறக்கினார். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அன்றைக்கே அரசு சொன்னது.

ஃபோர்டு அதற்கு முந்தைய பத்தாண்டில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2021 செப்டம்பர் 9 அன்று கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகரில் 2022-ல் கடைசி வண்டி இறங்கியது. தடுமாறுகிற ஆலையை இந்த வரிக்குறைப்பு தாங்கவில்லை. தாங்கும்படி அது அமைக்கப்படவும் இல்லை. ஏற்கெனவே நன்றாக லாபம் பார்த்தவர்களுக்குத்தான் கையில் காசு நின்றது. அந்தக் காசில் புது லைன் போடுவதா, கடனை அடைப்பதா, பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுப்பதா என்பது கம்பெனியின் விருப்பம். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாய் என்று சட்டம் கேட்கவில்லை. என் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: நான் நோக்கியாவில் வேலை பார்த்தவள். சலுகைக் காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: முழு உண்மை இல்லை அம்மா. மாநில அரசோடு 2005-ல் ஒப்பந்தம் போட்டு, 2006-ல் உற்பத்தி தொடங்கினார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதால் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து ஆண்டு முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டு பாதி விலக்கு. போதாததற்கு மாநில அரசு வாட் வரியையும் திருப்பிக் கொடுத்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். அதில் உங்களைப் போன்ற இளம் பெண்கள் ஏராளம்.

பிறகு மூன்று அடி சேர்ந்து விழுந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் வந்து நோக்கியாவின் சந்தையைப் பிடுங்கிக்கொண்டன. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. பின்லாந்து தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடிக்கு மேல் கேட்டது. 2014-ல் மாநில அரசும் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டு நோட்டீஸ் விட்டது. நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டால், வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் வாங்க முடியவில்லை. கொஞ்ச காலம் ஆர்டர் மட்டும் கொடுத்துவிட்டு அதையும் நிறுத்தியது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது.

வரி ஏய்ப்பு இருந்தால் அரசு கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரித்துறை கேட்கிற ஒவ்வொரு கோடிக்கும் நோட்டீஸ் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். 8,000 குடும்பங்களின் சம்பளத்துக்காக வாதாட அந்த மேஜையில் யாருக்கும் இடம் இல்லை. வரித் தகராறு 2018-ல் பேசித் தீர்க்கப்பட்டது. மறு ஆண்டு செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி அந்த ஆலையை வாங்க முன்வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இந்தத் தொழிலையே விட்டுப் போயிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: இப்போது செல்போன் கம்பெனிகளுக்குத் தரும் பி.எல்.ஐ. (உற்பத்தி சார்ந்த) ஊக்கத்தொகை வேலைவாய்ப்பைப் பார்த்துத் தரப்படுகிறதா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: இல்லை. முதலீட்டையும், கூடுதலாக விற்ற சரக்கின் மதிப்பையும் பார்த்துத் தருகிறார்கள். 2020-ல் அறிவித்த செல்போன் திட்டத்தில் கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம். வேலை எண்ணிக்கையை அறிக்கைகளில் சொல்வார்கள், ஆனால் பணம் அதைப் பிடித்து நடக்கவில்லை.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணனும் நானும் பார்ட்னர்ஷிப்பில் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப் நடத்துகிறோம். 14 பேர் வேலை செய்கிறார்கள். பெரிய கம்பெனியைவிட நாங்கள்தான் அதிக வரி கட்டுகிறோம் என்று ஆடிட்டர் சொல்கிறார். அப்படியா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: அப்படித்தான். உங்கள் பார்ட்னர்ஷிப்புக்கு லாபத்தில் நேர் 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) ஆக மாற்றினாலும் அதேதான். நீங்கள் சப்ளை செய்கிற பெரிய கம்பெனி 22 சதவீதத் திட்டத்தில் இருந்தால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17. 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கிய புதுக் கம்பெனியாக இருந்தால் 17.16. ஒரே பிராக்கெட்டை நீங்கள் அடித்துக் கொடுக்கிறீர்கள், அவர்கள் வண்டியில் மாட்டுகிறார்கள். அந்தப் புதுக் கம்பெனியோடு ஒப்பிட்டால் உங்கள் வரி விகிதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது நியாயம் இல்லை. வெண்டர் விலையை வருஷா வருஷம் குறைக்கச் சொல்வார்கள், பில் பணம் தள்ளிப் போகும், கடைசியில் பட்டறைக்காரர் குறைக்க முடிவது ஆளைத்தான். ஒரு எஸ்டேட்டில் இரண்டு பேர், அடுத்த ஷெட்டில் மூன்று பேர் என்று போகிற வேலை எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றலாமா என்றால், லாபத்தைத் தொழிலிலேயே விட்டு வைப்பவர் என்றால் யோசிக்கலாம். வீட்டுச் செலவுக்கு எடுப்பவர் என்றால் டிவிடெண்டுக்கு உங்கள் கையில் மறுபடி வரி உண்டு, அவசரப்பட வேண்டாம்.

ஒரு நல்ல சலுகையைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ என்று ஆடிட்டர்கள் சொல்வது. வரித் தணிக்கைக்கு உட்பட்ட தொழிலில், மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில், பி.எஃப். பிடித்து, பேங்க் வழியே சம்பளம் கொடுத்து, வருஷத்தில் 240 நாள் வேலை கொடுத்தால், கூடுதலாகச் சேர்த்த ஆட்களின் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று வருஷம் லாபத்திலிருந்து மறுபடி கழித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்த ஆள் எண்ணிக்கை அதிகரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆளைக் கணக்கில் எடுத்துத் தரும் சலுகை என்று நான் மனதாரப் பாராட்டுவது இதை ஒன்றைத்தான்.

கேள்வி: கறாராக நிபந்தனை போட்டால் கம்பெனிகள் ஸ்ரீசிட்டிக்குப் போய்விடாதா? வேறு நாட்டில் யாராவது அப்படிப் போட்டிருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்னேரி

பதில்: ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், பயம் புரிகிறது. 2017-ல் கியா கார் கம்பெனி ஆந்திராவுக்குப் போனதையும் மறக்க முடியாது. ஆனால் இங்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை என்று மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பிள்ளைகளும், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்யும் வெண்டர்களும் இருக்கிறார்கள். சலுகைக்காக மட்டும் யாரும் ஒரகடம் வருவதில்லை. பேரம் பேசும் பலம் நம்மிடம் உண்டு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பாருங்கள். 2017-ல் ஃபாக்ஸ்கான் அங்கே 13,000 வேலை தருவதாகச் சொன்னது, மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஆள் எடுத்த பிறகே வரிச்சலுகை என்று எழுதி வைத்தார்கள். முதல் ஆண்டு இலக்கை எட்டாததால் அந்த ஆண்டுக்குச் சலுகை கிடைக்கவில்லை. 2021-ல் ஒப்பந்தத்தையே 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டாலர் என்று சுருக்கினார்கள். நிலத்துக்கும் சாலைக்கும் உள்ளூர் நிர்வாகம் முன்கூட்டியே செலவழித்த பணம் போனது போனதுதான். நம் ஒப்பந்தங்களிலும் தவணை தவணையாக, பி.எஃப். கணக்கில் உள்ள ஆட்களை எண்ணிச் சலுகை கொடுக்கலாம். காண்ட்ராக்ட் ஆட்களைத் தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை மக்கள் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும்.

கேள்வி: கம்பெனி வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) தாளை நீட்டுகிறது. கையெழுத்துப் போடலாமா?
– தொழிலாளி, ஒரகடம்

பதில்: போடுவதற்கு முன் சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். நீங்களாக விலகினால் சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற ஆட்குறைப்பு இழப்பீட்டையும், மறுபடி ஆள் எடுக்கும்போது கிடைக்கும் முன்னுரிமையையும் கேட்க முடியாது. அதனால் தரும் தொகை அதைவிடக் கணிசமாக அதிகமா என்று பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொழில் உறவுச் சட்டத்தில், ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும் என்ற விதி 300 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலைகளுக்குத்தான். முன்பு 100 ஆக இருந்தது. விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு. ஆனால் 10 ஆண்டு சர்வீஸ் அல்லது 40 வயது முடிந்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான். கிராஜுவிட்டி தனி. அதை வி.ஆர்.எஸ். தொகைக்குள் சேர்த்துக் காட்டினால் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.