டீ.பி.எஃப் விளக்கு எரிகிறது: பழைய டீசல் வாகனம் வைத்திருப்போருக்கான கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): ஜப்பானில் ஓடிய டீசல் வேனொன்றை வாங்கி நான்கு மாதமாகிறது. பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டுமே ஓடுகிறது. டீ.பி.எஃப் எனும் புகைக்கரி வடிகட்டியின் விளக்கு எரிகிறது. வடிகட்டி பழுதா, ஐயா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வடிகட்டி புகையிலுள்ள கரியைத் தன் தேன்கூடு போன்ற பீங்கான் சுவர்களில் பிடித்து வைத்து, நிறைந்ததும் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸில் தானே எரித்துவிடும்படி அமைந்தது. அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, நிற்காமல் ஓட வேண்டும். பத்து நிமிடம் ஓடி நிறுத்தினால், தொடங்கிய எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்துவிடும். விளக்கு நிலையாக எரிந்து, இழுவையும் குறையாதிருந்தால், ஒயில் மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கந்தளாய் வீதியில் 60 கிலோமீற்றருக்குக் குறையாத சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். சில வேன்களில் நிறுத்தி வைத்தே எரிப்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதை அழுத்துமுன் வண்டி காய்ந்த புல்லின்மேல் நிற்கவில்லையென்று உறுதி செய்யுங்கள். ஆவணி வெயிலில் வறண்ட புல் எளிதில் பற்றிக்கொள்ளும்.

கேள்வி (கிண்ணியா): ஒயில் மாற்றி இரண்டு மாதத்தில் மட்டம் குறையாமல் மேலே ஏறியிருக்கிறது. இது எப்படி?

பதில்: பல எஞ்சின்களில் கரியை எரிக்கும் வேளையில் சிலிண்டருக்குள் மேலதிக டீசல் பீச்சப்படும். எரிப்பு அடிக்கடி தடைப்பட்டால், அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்து பாருங்கள். டீசல் மணம் எழுந்தால் அந்த ஒயிலோடு இனி ஓட வேண்டாம். நீர்த்த ஒயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதுவே நடக்குமாதலால் அதையும் சோதிப்பது அவசியம். புதிய ஒயில் சாம்பல் குறைந்த வகையாக இருக்கட்டும், ஏனெனில் கரி எரிந்துபோகும், ஒயிலின் சாம்பலோ வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி (நிலாவெளி): வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தும் ஒரு வாரத்தில் விளக்கு திரும்பிவிட்டது.

பதில்: நோய் வேறிடத்தில் இருக்கிறது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர் வால்வு ஒட்டிக்கொள்வது, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போவில் ஒயில் கசிவது, திறந்தபடியே நின்றுவிட்டதால் எஞ்சினைச் சூடேறவிடாத தேர்மோஸ்டட், இவை மூன்றும் வடிகட்டியைப் படுத்தும். ஆனால் அவற்றுக்கு முன்பு, வடிகட்டிக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சரைப் பாருங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் ஸ்கேனரில் வாசித்தால் அது பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு வேனுக்கு வேறொரு கராஜில் வடிகட்டியே மாற்றப்பட்டிருந்தது. குற்றவாளியோ சென்சருக்குப் போகும் சிறுவிரல் தடிப்பான ரப்பர்க் குழாய். சூட்டில் வெடித்து, வளைத்தால் மட்டும் தெரியும் கீறல் அதில் இருந்தது. அந்தக் குடும்பம் செலவிட்ட பணத்தை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது.

கேள்வி (மூதூர்): வடிகட்டியின் உள்ளேயுள்ளதை வெட்டி எறிந்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். பின்னால் வரும் பிள்ளைகள் சுவாசிப்பது அந்தக் கரியைத்தான். தவிர, கரியை உண்டாக்கிய கோளாறு எஞ்சினிலேயே இருக்கும்.

கேள்வி (ஓர்ஸ் ஹில்): வாங்குமுன் நானே எதைப் பார்க்கலாம்?

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள், முன்கூட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் இயங்கியபின் அணைகின்றனவா என்று கவனியுங்கள், பல்பைப் பிடுங்கி மறைப்பவர்களும் உண்டு. பிறகு புகைக்குழாயின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். வடிகட்டி முழுதாயிருக்கும் வண்டியில் கரி அநேகமாக ஒட்டாது. துணி கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை, முற்பணம் கொடுக்காதீர்கள்.