உறைபனியும் வெயிலும் சேர்ந்த குளிர்காலப் பிற்பகலில் சின்னதாக ஒரு மலை ஏற ஆசை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அப்படி ஓரிடம் உண்டா?

சின்ன மலை உண்டு, வெயில் உண்டு. உறைபனி மட்டும் இல்லை. எங்கள் கரையோரத்தில் தை மாத இரவுக் குளிரே சராசரியாக 23 பாகை செல்சியஸ்தான். அதற்கே மப்ளர் சுற்றிக்கொண்டு, தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடிக்கிற ஆட்கள் நாங்கள்.

உறைபனிக்கு நுவரெலியா போக வேண்டும். அது 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்று பொதுக்கணக்குப் போட்டாலும், எங்கள் 23 அங்கே 11 ஆகிறது, அவ்வளவுதான். பனி உறைய அது போதாது. மீதி வேலையைச் செய்வது தெளிந்த வானம். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். ஆள் உயரத்தில் 3, 4 பாகை இருக்கும்போதே புல் நுனி பூச்சியத்துக்குப் போய்விடும். செய்தியில் அதைத் துகள் உறைபனி என்பார்கள். பார்க்கப் போகிறவர்களுக்குப் படம் எடுக்க நன்றாக இருக்கும், உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு வயிற்றெரிச்சல். அதே மேகமில்லாத வானம்தான் விடிந்ததும் பளிச்சென்று வெயிலையும் தருகிறது. நீங்கள் கேட்கிற இரண்டும் ஒரே வானத்தின் வேலை.

அந்த வானம் எங்களுக்கும் வரும், கொஞ்சம் பிந்தி. ஐப்பசியில் பிடிக்கிற மழை பொங்கல்வரை விட்டு விட்டு ஊற்றும். அதற்குப் பிறகு நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெளிக்கும். அந்த இரவுகளில் இங்கே விழுவது உறையாத பனி. அக்கரைப்பற்றில் எங்கள் முற்றத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் சீட்டை விடியற்காலையில் துணியால் துடைத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மாமா இதை வைத்தே நாள் பார்ப்பார். "சீட் நல்லா நனைஞ்சிருக்கு மனே, இண்டைக்கு மழை வராது. வெளிக்கிடு." நான் பார்த்தவரை பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வானிலை அறிக்கையை அவர் கேட்பதே இல்லை.

அப்படிப்பட்ட நாளில் நாங்கள் போகிற இடம் உகந்தைமலை. பொத்துவிலிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர், பாணமை தாண்டி, குமண சரணாலய வாசலுக்குப் பக்கத்தில். அடிவாரத்தில் முருகன் கோயில், மேலே வள்ளியம்மன். முருகனும் வள்ளியும் கல் ஓடத்தில் வந்து இறங்கினார்கள் என்பது ஐதீகம். கடற்கரையில் கிடக்கிற பாறைகளைக் காட்டி அந்த ஓடம் இதுதான் என்பார்கள். ஆடியில் கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடக்கிற அடியார்கள் இங்கே கூடித்தான் புறப்படுவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு முறை மத்தியானத்தில் ஏறியிருக்கிறேன். பாறை காலைச் சுட்டு, கும்பிடுவதற்குப் பதிலாகத் துள்ளிக்கொண்டு நின்றேன்.

தையில் அதே பாறை வேறு. நாலு மணிக்குச் செருப்பைக் கழற்றி வைத்து ஏறினால், வெயிலில் காய்ந்த பாய் மாதிரி இளஞ்சூடு. மழை முடிந்த கையோடு என்பதால் பாறைக் குழிகளெல்லாம் நிரம்பியிருக்கும். ஒரு குழிக்குள் குனிந்து பார்த்தேன், வால்பேத்தைகள் அடித்தளத்துச் சேற்றைக் கிளப்பிக்கொண்டு ஓடின. அது தெளியும்வரை குந்தியிருந்தேன். தெளிந்ததும் முதலில் வந்தது என் நிழல், பிறகுதான் பேத்தைகள். கவனிக்க வேண்டியது, குழிகளிலிருந்து வழிந்து இறங்குகிற கறுத்த கோடுகள். காய்ந்ததுபோலத் தெரியும், கால் வைத்தால் சோப்பு. மச்சான் அதில் உட்கார்ந்தபடியே ஆறேழு அடி சறுக்கி வந்தான். காற்சட்டை கிழிந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

ஏறி இறங்க அரை மணித்தியாலம் போதும், உட்கார்ந்து பார்க்கத்தான் நேரம் வேண்டும். மழை கழுவிவிட்ட காற்றில் மேற்கே காடு ஒரே பச்சை, கிழக்கே கடல் இன்னும் கொந்தளித்துக்கொண்டிருக்கும். பொழுது சாயச் சாய நாங்கள் இருக்கிற மலையின் நிழல் கோயில் கூரையைத் தாண்டிக் கடற்கரை மணல் பக்கம் நீளும். நான் அங்கே போவதே இதற்காகத்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

இன்னொன்று, உயரமான மலை வேண்டுமென்றால் மட்டக்களப்பில் குடும்பிமலை இருக்கிறது, 500 மீற்றருக்கு மேல். ஆனால் மாரியில் கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து தோணி ஓடுகிற காலம் உண்டு. விசாரிக்காமல் வெளிக்கிட வேண்டாம்.

உகந்தையில் பிரச்சினை தண்ணீர் அல்ல, ஆனை. தை மாதத்தில் ஆறு மணி தாண்டியதும் பொழுது விழும், அடுத்த இருபது நிமிடத்தில் இருட்டு. முதல் முறை நாங்கள் நிழல் பார்த்துக்கொண்டே பிந்திவிட்டோம். பாணமைக்குத் திரும்புகிற கிரவல் பாதையில் ஒரு தனியன் குறுக்கே நின்றது. மாமா இயந்திரத்தை நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டார். முக்கால் மணித்தியாலம் யாரும் வாய் திறக்கவில்லை. கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டது, அது கிட்ட வருகிறதா தள்ளிப் போகிறதா என்று தெரியவில்லை. ஒருவழியாக அது காட்டுக்குள் இறங்கியபோது சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது.

அதன் பிறகு ஐந்து மணிக்கே இறங்கிவிடுகிறோம். கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற காற்சட்டையில் போங்கள்.