நிற்கும் உடலை வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: பாரிஸ் கலைக்கழகத்தில் மாணவர்களை மாடலின் (வரைவதற்காக அசையாமல் நிற்பவரின்) முன் உடனே உட்கார வைக்காதது ஏன்?

பதில்: 1648இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் முறைப்படி, மாணவர் முதலில் அச்சுப் படங்களையும் பிறகு பழஞ்சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளையும் பார்த்து வரைந்து தேற வேண்டியிருந்தது. வார்ப்பு அசையாது, அது வெண்மையாக இருப்பதால் தோலின் நிறம் கண்ணைக் குழப்பாமல், ஒளியும் நிழலும் மட்டுமே தெரியும்.

கேள்வி: அளவுகளைச் சரிபார்த்தே வரைகிறேன். ஆயினும் என் உருவங்கள் சாய்ந்து விழுவது போலத் தெரிகின்றன. பிழை எங்கே, ஐயா?

பதில்: நீங்கள் உருவத்தின் புறக்கோடுகளை மட்டும் வரைகிறீர்கள், உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு காலில் பாரம் ஊன்றி நிற்பவரின் இடுப்பு அந்தப் பக்கம் உயரும். அதை ஈடுகட்ட அதே பக்கத்துத் தோள் தாழும். முதுகெலும்பு வளைந்து இவ்விரு சாய்வுகளையும் இணைக்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பாலிகிளீட்டஸ் ஈட்டி ஏந்திய வீரனின் உருவத்தில் இந்த நிலையைத்தான் செம்மையாக வடித்தார். அவருடைய வெண்கல மூலம் மறைந்துவிட்டது. இத்தாலியின் பொம்பேயில் கிடைத்த பளிங்குப் பிரதி நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நூலில் ஒரு சிறு எடையைக் கட்டி, கண்ணெதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு காலில் பாரத்தை ஊன்றி நேராக நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து இறங்கும் நூல், ஊன்றிய காலின் உட்கணுக்காலை ஒட்டி விழும். உங்கள் படத்தில் அது விலகியிருந்தால், நிழல் தீட்டுவதற்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள்.

கேள்வி: உடலின் உயரம் எட்டுத் தலை என்பது விதியா?

பதில்: தலையின் நீளம் உடல் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு என்று எழுதியவர் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். நேரில் அமர்ந்து அளந்தால் பலருக்கு ஏழரைத் தலை அளவே வரும். எதிரில் நிற்பவரையே நம்புங்கள்.

கேள்வி: பழங்காலத்துப் பெண் ஓவியர்கள் பலர் பூக்களையும் முகங்களையும் மட்டுமே வரைந்தது அவர்களின் விருப்பமா?

பதில்: அதை விருப்பம் என்பது பெரும் அநீதி. லண்டன் ராயல் அகாடமியை 1768இல் நிறுவியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்கள் இருந்தனர். ஆனால், சில ஆண்டுகளில் ஓவியர் யோஹான் ஸோஃபனி அந்த உறுப்பினர்களை மாடலைச் சூழ்ந்து நிற்கும்படி தீட்டியபோது, இவ்விருவரையும் சுவரில் மாட்டிய முகப்படங்களாகவே காட்டினார். ஆடையற்ற மாடல் இருக்கும் அறைக்குள் பெண் இருப்பது தகாது என்று அன்று கருதப்பட்டது. அங்கே மாணவியருக்கு ஓரளவு ஆடை மறைத்த ஆண் மாடலை வரையும் அனுமதி 1893இல்தான் கிடைத்தது. பல உருவங்கள் சேர்ந்த வரலாற்று ஓவியமே உயர்ந்தது என்று மதிப்பிட்ட காலத்தில், அதற்கான அடிப்படைப் பயிற்சியையே அவர்களுக்கு மறுத்திருந்தார்கள்.