தூக்குடா, தூக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். என் கணவர் விசைப்படகில் டிரைவர். ஒரே மகன், ஏழாம் வகுப்பு. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டதும் போன்தான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். "கொல்லுடா அவனை, மண்டையில போடு" என்று கத்துகிறான். சில நேரம் "தூக்குடா, என்னையத் தூக்கு, விட்டுட்டுப் போயிராதடா" என்று அழுகிற மாதிரிக் கத்துவான். எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. கண்ணும் கெட்டுப்போகிறது. போன மாதம் அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கிற டைமண்டு வாங்க அவன் அப்பா கணக்கில் இருந்து 800 ரூபாய் எடுத்துவிட்டான்.

பெற்றோர் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு தொடங்கியிருக்கிறோம். நம் மாவட்டத்தில் இந்த வன்முறை விளையாட்டுகளைத் தடை செய்யச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். நகல் இணைத்திருக்கிறேன். வெளிநாடுகளில் இதற்குச் சட்டமெல்லாம் இருக்கிறதாமே? நீங்களும் நம் கடற்கரைக்காரர், கையெழுத்துப் போட வேண்டும். இந்த விளையாட்டு பிள்ளையைக் கொலைகாரனாக ஆக்குமா, ஆக்காதா? அதையும் சொல்லுங்கள்.

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்புதான் ஒரு துக்கத்துக்காக ஊருக்குப் போய் வந்திருந்தேன். என் பால்ய கூட்டாளியின் அம்மா இறந்துபோனார்கள். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த ஒரு வார்த்தை உங்கள் கடிதத்திலும் இருந்தது. இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். மனுக்களுக்கும் எனக்கும் ஆகாது.

முதலில் சில்லறை விஷயங்கள். கண் கெடுகிறது என்றால் கண் டாக்டரிடம் காட்டுங்கள், எழுத்தாளனிடம் வேண்டாம். 800 ரூபாய்க்கு உடனே செய்ய வேண்டியது பின் நம்பரை மாற்றுவது. ஆனால் ஏழாம் வகுப்புப் பையனின் உள்ளங்கையில் கடையைத் திறந்து வைத்து டைமண்டு விற்கிறானே, அவன்மீது மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் ரத்தம், ரத்தம், ரத்தம்.

கொலைகாரன் ஆவானா? ஆக மாட்டான். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேர் அளவில் எடுத்துப் பார்த்தார்கள். வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது கொஞ்சம் வேறு. கத்துவது, தள்ளிவிடுவது மாதிரியான சின்ன முரட்டுத்தனத்தோடு சின்னத் தொடர்பு உண்டு, ஆனால் கொலை, துப்பாக்கிச்சூட்டுக்கெல்லாம் விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. உங்கள் பையன் கத்துகிறான். அது சங்கத்தின் கணக்கிலேயே வந்துவிடுகிறது.

வெளிநாட்டுச் சட்டம் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவில் 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள், சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டு விற்கக் கூடாது என்று. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. தீர்ப்பு எழுதிய ஸ்கலியா, குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளி வேகவைக்கும் பழைய கதையையே எடுத்துக் காட்டினார். நம் பாட்டிமார் சொன்னதில் மட்டும் என்ன குறைச்சல்? அங்கே விளையாட்டு அட்டையில் வயது போடுகிறார்களே, அதையும் அரசாங்கம் செய்யவில்லை. 1993இல் செனட்டில் கூப்பிட்டு உலுக்கியதும், வியாபாரிகளே 1994இல் ஒரு அமைப்பு வைத்துத் தாங்களாகப் போட்டுக்கொண்டது.

இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானது பிள்ளைகளுக்காக என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அதோடு சேர்த்து 118 செயலிகளைத் தடுத்தார்கள். சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பழைய ஃப்ரீ ஃபயரை 2022இல் தடுத்ததும் அப்படித்தான். பிள்ளைகளை மனதில் வைத்துத் தடை போட்ட ஊர் வேண்டுமென்றால் ராஜ்கோட். 2019 மார்ச்சில் அங்கே போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டது. அப்புறம் என்ன நடந்தது? விளையாடிய பையன்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் மனு கலெக்டர் மேஜையில் இருந்து இறங்கி ஸ்டேஷனுக்குப் போகும் வழியை யோசித்தீர்களா தங்கச்சி? அந்த பெஞ்சில் உட்காரப்போவது கம்பெனிக்காரன் இல்லை.

இன்னொரு ஆளைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். ஃபிரெட்ரிக் வெர்தாம் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர். நல்ல மனிதர், ஏழைகளுக்காக ஹார்லெமில் மருத்துவமனை நடத்தியவர். படக்கதைப் புத்தகங்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று 1954இல் ஒரு புத்தகம் எழுதினார். தன்னிடம் வந்த பிள்ளைகள் பேசியதையே சாட்சியாக வைத்திருந்தார். நாடே ஆடிப்போய், பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். அவர் செத்து வெகுகாலம் கழித்து கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய கைக்குறிப்புகளை எடுத்துப் படித்து, 2012இல் எழுதினார். பிள்ளைகள் சொன்னதை அவர் வெட்டியிருக்கிறார், ஒட்டியிருக்கிறார், தனக்கு வேண்டாததை விட்டிருக்கிறார். அறுபது வருடம் அந்தப் பிள்ளைகளின் வாயில் அவருடைய வார்த்தை இருந்திருக்கிறது.

சரி. எண்பத்தாறு வாக்கில் எனக்கு ஒன்பது வயது. ஊர் மண்டபத்துக்கு மேற்கே, வடகடல் ஓரம். இலங்கைச் சண்டையில் கடல் அப்போது கெட்டுக் கிடந்தது. ராத்திரி வெடிச்சத்தம் கேட்டால் அம்மாமார் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நாங்கள் பகலில் 'ரோந்து' விளையாடுவோம். கரையில் பாதி மணலுக்குள் போன ஒரு பழைய வல்லம்தான் படகு. பனைமட்டை துப்பாக்கி. பாதிப் பேர் ரோந்து, பாதிப் பேர் வலைகாரன். யாருக்கும் வலைகாரனாக இருக்கப் பிடிக்காது, சாட்பூட்திரி போட்டுத்தான் பிரிப்போம். சுடுபட்டவன் விழுந்து இருபது எண்ணிவிட்டு எழுந்துகொள்ளலாம். அவ்வளவுதான் சட்டம்.

என் கூட்டாளியின் அப்பா நாலு பேராகக் கடலுக்குப் போனார். மூன்று பேர் திரும்பினார்கள். இருட்டில் எந்தப் படகில் இருந்து வந்த குண்டு என்று ஊரில் இன்றைக்கும் ஆளுக்கொரு பேச்சு. அவர் தண்ணீரில் விழுந்ததும் இவர்கள் வலையை அறுத்துவிட்டு வந்துவிட்டார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்? உடம்பு கரைக்கு வரவே இல்லை. பதினாறாம் நாள் ஒரு சட்டையை வைத்துத்தான் காரியம் செய்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவன் விளையாட வந்தான். வந்தவன் சட்டத்தை மாற்றினான். "சுட்டா அங்கனயே கெடக்கக் கூடாது. கூட உள்ளவன் தூக்கிட்டு வரணும். கரையில கொண்டாந்து போட்டாத்தான் ஆட்டம் முடியும்." நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. வல்லத்தை விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீருக்கு ஆட்டம் நகர்ந்தது. சுடுவது ஒரு நொடியில் முடிந்துவிடும், தூக்குவதுதான் நேரம் பிடிக்கும். கொஞ்ச நாளில் சுடுவதை யாருமே சரியாகச் செய்வதில்லை, பேருக்கு ஒரு 'டுப்'. பெரும்பாலும் அவனே விழுவான். நான் நோஞ்சான் என்பதால் எனக்குக் கால் பக்கம். அவன் குதிகாலில் சிப்பி கிழித்த வெள்ளைக் கோடுகள், நனைந்த டிரவுசரில் இருந்து மணல் என் முழங்கையில் வழியும். பிடி நழுவினால் கண்ணைத் திறக்காமலே "ஒழுங்காத் தூக்குடா" என்பான்.

ஒரு நாள் ஆறு பேர் அவனைத் தோளில் ஏற்றிவிட்டோம். முன்னால் போனவன் தன் ஆத்தாளிடம் கேட்ட ஒப்பாரியை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வாத்தியார் சைக்கிளில் வந்தார். "இந்த வயசுல பொண விளையாட்டாடா?" எங்கள் பனைமட்டையாலேயே எங்களுக்கு அடி. மறுநாள் பிரேயரில் ரோந்து விளையாட்டுக்குத் தடை, மீறினால் 25 காசு. எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவனிடம் நோட்டுக் கொடுத்து, கரையைப் பார்த்துப் பெயர் எழுதச் சொன்னார்கள். நான் பார்த்த முதல் கண்காணிப்புக் குழு அந்த நோட்டுதான். வாத்தியார் கெட்டவர் இல்லை, அந்த வருடம் அவனுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவரே அவர்தான். சைக்கிளில் இருந்து பார்த்தால் பிணம்தான் தெரிந்திருக்கும்.

அவன் அதற்கப்புறம் விளையாட வரவில்லை. பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போய்விட்டான்.

எல்லாப் பையனும் அப்பனைத் தூக்கத்தான் விளையாடுகிறான் என்று கதை விடவில்லை. முக்கால்வாசிப் பேர் சுட ஆசைப்பட்டுச் சுடுகிறார்கள். நானும் அப்படித்தான். ரோந்தாக நின்று பனைமட்டையை நீட்டும்போது வந்த சுகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது என்னை எதுவும் செய்யவில்லை, ஒரு கோழியைக்கூட என்னால் அறுக்க முடியாது.

போன மாதம் துக்க வீட்டு வாசலுக்கு வருகிறேன். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். திண்ணையில் நாலு பையன்கள், ஆளுக்கொரு போன், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. ஒருவன் கிசுகிசுப்பாக "தூக்குடா, தூக்கு, செத்துருவேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னடா அது என்றேன். போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அடிபட்டு விழுந்தவன் உடனே சாக மாட்டானாம், தவழ்ந்துகொண்டிருப்பானாம். கொஞ்ச நேரத்துக்குள் கூட்டாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பிவிட வேண்டும்.

"தூக்க வர்றவனச் சுட மாட்டாங்களா?"

"சுடுவாங்க மாமா. நெறையத் தடவ ரெண்டு பேரும் சேந்து அவுட்."

"தெரிஞ்சும் எதுக்குப் போறே?"

அப்போதுதான் நிமிர்ந்து, விவரம் கெட்ட ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். "நம்ம டீமு மாமா."

பாடை எடுத்தபோது என் கூட்டாளி முன்னால், நான் பின்னால். சுடுகாட்டு மேடு ஏறும்போது திரும்பி, "இன்னைக்குப் பரவால்ல, ஒழுங்காத் தூக்குற" என்றான்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் பையன் கத்துவதாக இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். மனுவில் ஒன்றுதான் இருக்கிறது. 'கொல்லுடா' இருக்கிறது, கொட்டை எழுத்தில். 'விட்டுட்டுப் போயிராதடா'வைக் காணோம். யார் வெட்டியது? டைப் அடித்தவரா, குழுவா, நீங்களா? அடுப்படியில் நின்று இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நீங்கள். வாரம் மூன்று நாள் அவன் அப்பா கடலில் இருக்கிறார். அந்த ராத்திரிகளில் எத்தனை படகு பிடிபட்டது, எத்தனை பேர் என்று டிவியில் கீழே ஓடும் எழுத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவனுக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும். அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? கலெக்டரிடம் பேச மூன்று பக்கம் எழுத நேரம் இருந்ததே, அதனால் கேட்கிறேன். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் சரிதான்.

கையெழுத்துப் போடவில்லை. நகலைத் திருப்பி அனுப்புகிறேன், டைமண்டு பற்றி எழுத வேண்டியதை ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் உங்கள் வீட்டுக்காரர் கரையில்தான் இருப்பார், வலை பொத்துகிற நேரம் போக. அவர் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றி, ஒரே டீமில் சேர்த்துவிடுங்கள். எத்தனை வருடம் சுக்கான் பிடித்தவராக இருந்தால் என்ன, இறங்கின இரண்டாவது நிமிடம் அடிபட்டு விழுவார். பையன் தூக்கட்டும்.