பூனை குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது, என்ன செய்வது?

கூடவே உட்கார வேண்டுமா, தனியே விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, எட்ட இருந்து ஒரு கண் வைத்திருங்கள், போதும்.

எங்களுக்கு ஊர் பவானி. எங்கள் பூனையின் முதல் ஈத்துக்கு அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்துக் கூடத்தில் வைத்தேன். மகாராணி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அட்டாலியில் (பரணில்) மடித்து வைத்திருந்த புது ஜமக்காளத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டாள். தப்பு என்மேல்தான், கூடத்தில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். அடுத்த முறை பெட்டியை இருட்டு மூலையில் இரண்டு வாரம் முன்பே வைத்தேன், அதிலேயே ஈன்றாள். பூந்துண்டு விரிக்காதீர்கள், நூலில் நகம் மாட்டும்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். கடைசி நாளில் பெரும்பாலும் தீனியை ஒதுக்கும், இடம் தேடி அலையும், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும். உடம்புச் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் எதிர்பார்க்கலாம் (எங்களவள் தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே விடவில்லை, அது வேறு கதை). அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். மாட்டுப்பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிறு கழியும்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா), மாட்டுக்குச் செய்வதுபோல, குட்டியோடு வரும் நச்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டச் சாக்குத் துணி தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் பூனையே தின்று முடித்துவிட்டாள். அது இயல்புதான், பிடுங்காதீர்கள். ஆனால் ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்று வந்ததா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

விடாமல் அரைமணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, பாதி வந்து சிக்கினாலோ காத்திருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும். நம் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். அதனால் பூனைக்கு ஆபரேஷன் செய்வார்களா, ராத்திரியில் யார் வருவார்கள் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். டெட்டால் ஊற்றித் துடைப்பது, வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பது இரண்டும் கூடவே கூடாது. பூனைக்கு அவை நஞ்சு.

அப்புறம், குட்டி போட்டதும் கடுவன் பூனையை உள்ளே விடாதீர்கள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடித்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டாவது ஈத்து அப்படி வந்ததுதான்.