கடலில் பிடித்த மீனைத் தொட்டிக்குப் பழக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வந்த மீன் நலமாக இருக்கிறதா என்பதை எதை வைத்து அறிவது, ஐயா?

பதில்: மூச்சை வைத்து. தினமும் ஒரே நேரத்தில், தீனி போடுவதற்கு முன், மீன் அமைதியாக நிற்கும்போது செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். இனம், அளவு, வெப்பநிலை ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த எண் மாறும்; ஆகவே அதே மீனின் முந்தைய நாள் குறிப்போடுதான் ஒப்பிட வேண்டும். வெல்வெட் நோயை உண்டாக்கும் அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் செவுளைத்தான் முதலில் பற்றுகிறது என்பதால், தோலில் பொடி படிந்தாற்போன்ற பூச்சு கண்ணுக்குத் தெரியும் முன்பே மீன் இறந்துவிடக்கூடும். மூச்சு ஏறியிருந்தால் முதலில் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தும் மூச்சு இறங்காவிட்டால் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: மீன் அடைத்த பை வந்ததும் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலப்பது நல்லதுதானே?

பதில்: நெடுந்தூரம் வந்த பைக்கு அது கேடு. மூடிய பையில் மீன் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு பி.எச். அளவைத் தாழ்த்தி வைத்திருப்பதால், சேர்ந்துள்ள அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும்; பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேற, பி.எச். ஏறி, அதுவே நச்சாக மாறும். புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியின் உப்புத்தன்மையை முன்கூட்டியே பை நீருக்கு ஒப்ப வைத்து, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்து, மீனை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: மீன் மேலேயே மிதக்கிறது, கீழே இறங்க முடியவில்லை.

பதில்: ஆழத்திலிருந்து விரைவாக மேலேற்றியதால் காற்றுப்பை விரிந்திருக்கலாம். நீங்களே ஊசி குத்த வேண்டாம். மீன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெண்புள்ளிகள் தாமாகவே மறைந்துவிட்டன. பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

பதில்: கூடாது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி 3 முதல் 7 நாள் மீனின் உடலில் வளர்ந்த பின் உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ சுவரிலோ உறைகட்டிக்கொள்கிறது. சில நாளிலோ பல வாரம் கழித்தோ உறை உடைந்து வெளிவரும் குஞ்சுகள் மீண்டும் மீனைத் தேடும். புள்ளி மறைவது நோய் தீர்ந்ததற்கு அடையாளமாகாது.

கேள்வி: அறிகுறி தோன்றும்வரை காத்திருப்பானேன்? எல்லாப் புதிய மீனுக்கும் வந்த அன்றே ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து போடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

பதில்: உடன்படவில்லை. பிடிபட்டு, பட்டினி கிடந்து, உடலின் சளிப்படலம் இழந்து வந்த மீனின் பசியைச் செம்பு மேலும் மட்டுப்படுத்தும். அது ஒட்டுண்ணியின் நீந்தும் பருவத்தை மட்டுமே கொல்லும். செவுள் புழுக்களுக்குப் பிராசிகுவாண்டெல் என்ற புழுக்கொல்லி மருந்து தேவை, தசைக்குள் புகுந்த யூரோனிமா என்ற ஒட்டுண்ணியைச் செம்பு தொடுவதில்லை.

கேள்வி (அதே நண்பர்): வெல்வெட் நோய் வந்தால் நீங்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மொத்தக் கூட்டமும் செத்துவிடுமே?

பதில்: அந்த அச்சம் நியாயமானது. பல இடத்து மீன்கள் ஒரே நீரில் கலந்து வந்திருந்தால் முன்தடுப்பாகச் செம்பு தருவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மீன் தீனி எடுக்கத் தொடங்கிய பின், அளவை மெல்ல உயர்த்தி, அயனிச் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் நிற்பதை நாள்தோறும் அளந்து பார்த்துத் தர வேண்டும். செம்பை வேறொரு சேர்மத்தோடு பிணைத்துச் செய்த கட்டுண்ட செம்பு மருந்துகளுக்கு இந்த எண் பொருந்தாது. பவளக் கல்லும் சுண்ணாம்பு மணலும் செம்பை உறிஞ்சிவிடுவதால், அளவுக் கருவி இல்லாதவர் எவ்வளவு ஊற்றினாலும் குருட்டாம்போக்குதான்.

கேள்வி: செம்புக்குப் பதிலாக உப்புத்தன்மையைக் குறைத்தால் போதாதா?

பதில்: ஆயிரத்துக்கு 15 பங்கு அளவில் வைத்தால் வெண்புள்ளி ஒட்டுண்ணிக்குப் பலன் உண்டு. அமைலூடினியம் அதைத் தாங்கும். ஆகவே எந்த நோய் என்று தெரியாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: புள்ளி போய்விட்டது, இப்போது பெரிய தொட்டியில் விடலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் அளவுக் கருவி இல்லை. தோராயமாக எத்தனை சொட்டுச் செம்பு விடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். கருவி வாங்கிய பின் கேளுங்கள்.